மூன்று முடிச்சில் இரண்டு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை ஒட்டிய கல்யாண மண்டபம். 2025 தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ். நடுவில் பெரியவரும் அவர் மனைவியும் மாலையோடு நிற்கிறார்கள். தலைக்கு மேல் ‘50ஆம் ஆண்டு திருமண நாள் பொன்விழா’ என்று தங்க எழுத்து. கீழே மகன்கள், மருமகள்கள், மகள், மாப்பிள்ளை, பேரன் பேத்திகள் என்று வரிசையாக முகங்கள், கட்சிப் பேனரில் கிளை நிர்வாகிகள் நெருக்கியடித்து நிற்பதுபோல. வலது மேல் மூலையில் மட்டும் தனியாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கிழவி. ஆதார் அட்டைக்கு எடுத்த படம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. நேராக வெறிக்கும் கண், ‘அசையாதீங்க பாட்டி’ என்று யாரோ சொல்லி நிறுத்திய உதடு. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருக்கிறது. அவளுக்கு வேறு படமே கிடையாதாம்.

வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் சாக்கில் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய பாட்டி ஒருத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, “வந்துட்டியா நீயும்” என்கிறாள் வட்டத்தைப் பார்த்து. உடன் வந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

வட்டத்துக்குள் இருப்பவள் பெரியவரின் அக்கா. மூத்தாள் மகள். பெரியவர் இளையாள் மகன்.

உள்ளே போய்த் தூணோரத்து நாற்காலியில் உட்கார்கிறேன். பெரியவரின் மகனோடு வேலை பார்த்த பழக்கத்தில் வந்த அழைப்பு; வேறு எந்தச் சொந்தமும் இல்லை. யாரோடும் பேச வேண்டிய கட்டாயமில்லாத இடம். எனக்கு முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் வெற்றிலைப் பையோடு வந்து அமர்கிறார்கள். ஒருத்திக்குக் காது மந்தம். அதனால் மற்றவள் சொல்வதெல்லாம் எனக்கும் சேர்த்துக் கேட்கிறது.

மேடையில் பெரியவர். எழுபத்தைந்து வயது. பட்டு வேட்டியின் கடை மடிப்பு இன்னும் நிமிரவில்லை. காலரை இரண்டு விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறார். பக்கத்தில் அந்தம்மா. அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். அரக்குச் சேலை, மூக்குத்தி, பேத்தி வைத்துவிட்ட மல்லிகைச் சரம். அந்தச் சரம் கனக்கிறதோ என்னவோ, கழுத்தைச் சற்றுச் சாய்த்தே உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஆனால் பெரியவர் தண்ணீருக்குக் கையை நீட்டுவதற்கு முன்பே சொம்பு அவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

போட்டோக்காரப் பையன் தர்மபுரியிலிருந்து வந்திருக்கிறான். “ஐயா, கொஞ்சம் சிரிங்க. அம்மா, நீங்களும்.” இருவரும் உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கிறார்கள். வாழ்த்த மேடையேறும் வயசாளிகளும் அப்படியேதான். வாயைத் திறந்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். இந்தப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு பல்லில் தொடங்கி முட்டி, முதுகு என்று எலும்புக்குள் இறங்கிய ஊர் இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதெல்லாம் இவர்கள் குடித்து முடித்த பிறகு காதில் விழுந்த சங்கதி. ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கு மேல் போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பின் பிறந்த கொள்ளுப் பேத்தி ஒருத்தி மேடை ஓரத்தில் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

“அக்காவுக்குக் கடசீ பத்து வருசம் முட்டி மடங்கவே இல்ல,” என்கிறாள் முன்வரிசைப் பாட்டி. “காலை நீட்டிக்கிட்டேதான் புளி தட்டுவா.”

“எது?”

“புளிங்கறேன். புளி!”

கதை இப்படித்தான் துண்டு துண்டாக வருகிறது. காது கேளாதவளுக்காக இரண்டு தடவை சொல்லப்படுவதால் சிதறாமலும் வருகிறது.

அக்காவின் அப்பா காவேரிக்கரையை விட்டு மேடேறியவர். 1925இல் ஆரம்பித்து 1934இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தபோது கரையோரத்து ஊர்கள் தண்ணீருக்குள் போயின. வயலும் கிணறும் கோயிலும் உள்ளே போக, மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு சனங்கள் மேட்டு நிலத்துக்கு வந்தார்கள். அணை வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். அப்படி மேடேறி வந்த மறு வருஷம் பிறந்தவள் அக்கா. நாகமரைக்கும் ஏரியூருக்கும் நடுவே வானம் பார்த்த பூமியில் மூன்று ஏக்கர். சாமை, கேழ்வரகு, கடலைக்காய். அக்காவுக்குப் பத்து வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா இரண்டாம் தாரம் கட்டினார். சின்னம்மாவுக்குப் பிறந்தவர்தான் மேடையில் காலரை இழுத்துக்கொண்டிருப்பவர். அவருக்கு நாலு வயதானபோது சின்னம்மாவும் காய்ச்சலில் போனாள்.

அக்கா அப்போது பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எழவுக்கு வந்தவள் திரும்பும்போது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மாமியார் வாசலிலேயே மறித்தாளாம். “சீர் கொண்டாந்தவளப் பாத்திருக்கேன், சின்னாத்தா பிள்ளையக் கொண்டாந்தவள இன்னைக்குத்தான் பாக்கறேன்.” அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பையனைத் திண்ணையில் இறக்கிவிட்டுக் களி கிளறப் போய்விட்டாள். நாலைந்து வருஷம் கழித்துக் கிணறு வெட்டப் போன புருஷன் வெடியில் போனான். நாலு வயது மகளையும் ஒன்பது வயது தம்பியையும் கூட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் அப்பனும் இல்லை.

பிறகு புளி. தர்மபுரிச் சீமைக்குப் புளி ஒரு பெரிய தொழில். தை, மாசியில் உலுக்கிக் கொண்டுவந்து கொட்டினால் பெண்கள் கைக்குத்தான் வேலை. ஓடு உடைக்க வேண்டும், நாரை உரிக்க வேண்டும், கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். புளிப்பேறி விரல் நுனி வெந்துபோகும். எடைக்குத்தான் கூலி. அக்கா தட்டுவதோடு நிற்கவில்லை. மண்டிக்காரருக்குச் சிப்பமும் கட்டித் தருவாள். “அவ கட்டுன சிப்பத்த சேலத்துல எறக்கி வச்சாலும் முடிச்சு அவுறாது. கத்தியப் போட்டுத்தான் அறுக்கணும்.” இந்த இடத்தில் காது கேளாத பாட்டி ரொம்ப நேரம் தலையாட்டுகிறாள். இது அவளுக்கே தெரிந்த விஷயம் போலும்.

தம்பிக்கு இருபத்து நாலு. அக்கா மகளுக்குப் பத்தொன்பது. ஊர் வாயில் அது எப்போதோ முடிந்த கல்யாணம். அக்கா மகள் இருக்க வெளியில் பெண் எடுப்பது இந்தப் பக்கத்தில் அன்றைக்கு ஏச்சுக்கு இடமான காரியம். அக்காதான் மறுத்தாள். “ஒரே வட்டல்ல தின்னு, ஒரே பாயில படுத்து வளந்ததுங்க. இவன் அவளத் தோள்ல தூக்கித் திரிஞ்சவன். வேணாம்.” உரிமையைத் தானே விட்டுக்கொடுத்து, அக்கரையில் பெண் பார்த்தாள். அணைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டத்துக் கொளத்தூர்ப் பக்கம். பண்ணவாடித் துறையிலிருந்து நாகமரைத் துறைக்குப் பரிசலில் வந்த பெண்தான் இப்போது மல்லிகைச் சரத்தின் கனத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மேடைக்குக் கீழே ஒரு ஈசலில் 1975 தை மாதத்துக் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துப் பங்காளிகள், குறுக்கே புகுந்த ஒரு ஆடு. அக்கா அதில் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் அவள் அடுப்படியில் இருந்தாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. தாலி அறுத்தவள் தாலி முடியக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்வதற்கு முன்பே அவள் சோற்று அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி வந்து இரண்டு முடிச்சையும் போட்டாள். தம்பி திரும்பித் திரும்பிப் பார்த்தான். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.

காலை டிபன் பந்தி முடிந்து ஆட்கள் உள்ளே நிறைகிறார்கள். பெங்களூரிலிருந்து, திருப்பூரிலிருந்து, ஓசூரிலிருந்து வந்த பிள்ளைகள். பென்னாகரத்து வீடுகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. ஐந்து வருஷமாகப் பார்க்காதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு கூட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்கா செத்தது 2020இல், ஊரடங்கின்போது. வயசாகித்தான் போனாள், எண்பத்தைந்து. ஆனால் எழவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். பெங்களூர்ப் பேரன் அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு வீடியோ காலில் பார்த்தானாம். பறையடிக்க ஆளில்லை, மாரடித்து அழக் கூட்டமில்லை. “ஊருக்கே பிரசவம் பாத்தவ. ரெண்டு பந்திக்குக்கூட ஆளில்லாமப் போய்ச் சேந்தா,” என்கிறாள் முன்வரிசைப் பாட்டி. அன்றைக்கு வர முடியாமல் போனவர்கள்தான் இன்றைக்கு வந்திருக்கிறார்கள். வாசலில் நின்று மூக்கைத் துடைத்ததும் அதனால்தான். பொன்விழா அழைப்பிதழில் ஐம்பது வருஷம் என்று அச்சடித்திருந்தாலும், வந்தவர்கள் மனசில் ஐந்து வருஷத்துப் பாக்கி ஒன்றும் இருக்கிறது.

மைக்கில் பேரன் பேசுகிறான். ஐ.டி. கம்பெனிக்காரன். தாத்தாவும் பாட்டியும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை என்கிறான். கூட்டத்தில் பலமான சிரிப்பு. பெரியவரே சிரித்துவிடுகிறார், பல் தெரிய. போட்டோக்காரப் பையன் அந்த நேரம் பார்த்து பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறான்.

சண்டைகளைப் பற்றி முன்வரிசைப் பாட்டியிடம் நிறையச் சரக்கு இருக்கிறது. ஆட்டை விற்றுவிட்டுத் தெருக்கூத்து பார்க்கப் போனது, கடலைக்காய் விற்ற பணத்தில் ரேடியோ வாங்கியது, பெண்ணைப் படிக்கவைக்க வேண்டுமென்று அந்தம்மா மூன்று நாள் சோறு ஆக்காமல் கிடந்தது. ஒவ்வொன்றிலும் அக்கா வருகிறாள். எல்லாவற்றிலும் தம்பி பெண்டாட்டி பக்கம் நிற்கிறாள். “தம்பின்னு ஒரு நாளும் தாங்கிப் பேசல. அதான் அவன் திருந்துனான்.”

அப்புறம் ஆடி பதினெட்டுக் கதை.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும். அக்கரையில் சுமங்கலிகள் தயாராக இருக்க, இந்தப் பெண் அப்பனைக் கூட்டிக்கொண்டு பரிசலேறி நாகமரைக் கரைக்கு வந்துவிட்டது. அக்காவை ஆற்றங்கரைக்கு ஆள்விட்டு வரச்சொல்லி, புதுக்கயிற்றை நீட்டியது. அக்கா பதறிப்போய், “ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? என் கை படலாமா?” என்றாளாம். அதற்கு அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் சொன்ன பதில் இன்றுவரை ஊரில் ஓடுகிறது:

“முடிச்சு நிக்கணும்னா முடியத் தெரிஞ்சவங்கதான் அண்ணி போடணும். அவங்க போட்டது ரெண்டு மாசத்துல நழுவிப்போச்சு. நீங்க சிப்பம் கட்டற மாதிரி கட்டுங்க.”

கரையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பன்காரர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா தண்ணீரில் கையை மூன்று முறை கழுவினாள். பிறகு இரண்டு முடிச்சு போட்டாள். மூன்றாவதாக ஒன்று அவளாகவே போட்டாளாம், பழக்க தோஷத்தில். பரிசல்காரர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆடி பதினெட்டுக்கு அக்கா கைதான். பெரும்பாலும் ஒகேனக்கல். அன்றைக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. மூட்டையும் முடிச்சுமாகப் பெண்கள் கூரையில்கூட ஏறப் பார்ப்பார்கள். எண்ணெய் தேய்த்து முழுகி, காதோலை கருகமணி வைத்துக் காவேரிக்குப் படைத்து, கயிறு மாற்றிக்கொண்டு, மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள். முட்டி மடங்காமல் போன பிறகு அக்காவை ஆற்றுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. 2018 ஆடியில் வெள்ளம் வந்து அருவியில் குளிக்கவும் தடை. அந்த வருஷம் வீட்டு வாசல் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாளாம்: “இதுல வர்றதும் அந்தக் காவேரிதான? தொறந்து விடு.” குடம் வைக்கிற இடத்தில் ஒரு ஆடிப்பெருக்கு நடந்தது.

“இப்படி ஒருத்தி எங்க கெடப்பா?” என்கிறாள் காது கேளாதவள். அக்காவைச் சொல்கிறாளா, தம்பி பெண்டாட்டியைச் சொல்கிறாளா என்று மற்றவளும் கேட்கவில்லை.

நிலத்தின் கதையைப் பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா எடுத்துக்கொள்கிறார். பேச்சு காற்றில் வந்து அவரையும் தொட்டிருக்க வேண்டும். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் சொல்வது: தொண்ணூறுகளில் அந்த மூன்று ஏக்கரில் சரிபாதியை அக்கா பேரில் எழுதி வைத்தார் பெரியவர். சட்டப்படி அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் வந்த சட்டம், அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களைச் சேர்க்கவில்லை. பங்காளிகள் அதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். உனக்கு மூன்று பிள்ளை இருக்கிறது, அவள் வேறு வயிறு, அவள் மகளோ இன்னொரு வீட்டுக்குப் போனவள் என்றார்கள். பெரியவர் பென்னாகரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவர் பெண்டாட்டி.

“அக்கா என்ன சொல்லுச்சி?”

“என்ன சொல்லும்? எனக்கெதுக்குடா இதுன்னு திட்டுச்சி. வருசத்துக்கு ஒரு மூட்ட கடலக்காய் அதுல வந்தா, அதையும் இவன் பிள்ளைங்களுக்கே வறுத்துக் குடுத்துச்சி.” தாத்தா கூத்துப் பித்தர் போலிருக்கிறது. குரலைக் கொஞ்சம் ஏற்றுகிறார். “பாரதத்துல நச்சுப் பொய்கையில நாலு தம்பியும் செத்துக் கெடக்கறாங்க. ஒருத்தனக் கேளு, உசுரு தர்றேங்குது யட்சன். தர்மரு யாரக் கேட்டாரு? கூடப் பொறந்த பீமனயா? அர்ச்சுனனயா? சின்னம்மா மகன் நகுலனயில்ல கேட்டாரு! எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன் இருக்கேன், அந்தம்மாவுக்கும் ஒருத்தன் இருக்கட்டும்னாரு. பதினெட்டு நாளு பாரதக் கூத்து விடிய விடியப் பாத்த ஊரு இது. பாத்தவன் பூரா அதுபடி நடந்தானா? இவன் நடந்தான்.”

பேரன் மைக்கில் அழைக்கிறான். மாலை மாற்றும் நேரம். நாதஸ்வரம் ஏற்பாடு செய்யாமல் ப்ளூடூத் ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்கள். நடுவில் யாருக்கோ போன் வந்து கெட்டிமேளம் அறுந்து மறுபடி தொடங்குகிறது. மகன்கள் அம்மாவுக்குத் தங்கத்தில் தாலிச் சங்கிலி வாங்கி வெல்வெட் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்தம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மூடி மருமகளிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுக்கிறார். அக்கா போன பிறகு ஆடிக்கு ஆடி அவரே கோத்து அவரே கட்டிக்கொண்டாராம்.

பெரியவர் முதல் முடிச்சைப் போடுகிறார். விரல் நடுங்குகிறது, இரண்டு தரம் நழுவி மூன்றாம் தரம் நிற்கிறது. கைதட்டல். “நாத்தனார் முடிச்சுக்கு சின்ன ஆயா வரவும்” என்கிறான் பேரன். பங்காளி வீட்டில் கழுத்து நிறையத் தாலியோடு ஒரு பெண்மணி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடைப் படிக்கு வருகிறார்.

அந்தம்மா பிடரிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கயிற்றின் இரண்டு நுனியையும் தானே பிடித்துக்கொள்கிறார். கண் மண்டபத்தின் கடைசிக்குப் போகிறது. அங்கே, சமையற்கட்டு வாசலருகே, எழுபது வயதில் ஒரு பெண் கையில் களித் துடுப்போடு நிற்கிறாள். கேட்டரிங்காரர்கள் வெஜ் பிரியாணியும் காலிஃபிளவர் வறுவலும் ஐஸ்கிரீமும் பார்த்துக்கொள்ள, வயசாளிகளுக்காகக் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தனியாக ஓர் அடுப்பில் அவள் பார்வையில் கொதிக்கின்றன. அக்காவின் மகள். மூன்று வருஷத்துக்கு முன் புருஷனை இழந்தவள்.

“ஏம்மா, நீ வா,” என்கிறார் அந்தம்மா. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்கிறது.

அவள் தலையை ஆட்டுகிறாள். வேண்டாம் அத்தை என்று வாய் அசைகிறது. முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். படியில் நின்ற பெண்மணி ஏறுவதா இறங்குவதா என்று விழிக்கிறார். ஸ்பீக்கரில் கெட்டிமேளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தம்மா கயிற்றைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முழங்கை வலித்திருக்கும். பெரியவர் மெல்ல எழுந்து, தன் கையை அந்தக் கைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்கிறார். இருவரும் அப்படியே காத்திருக்கிறார்கள். அவசரமில்லாத காத்திருப்பு.

படியில் நின்றவர்தான் முதலில் அசைகிறார். இறங்கி நேரே சமையற்கட்டு வாசலுக்குப் போய், துடுப்பை வாங்கிக்கொண்டு, “நான் பாத்துக்கறேன், போ” என்கிறார்.

அவள் தொட்டியில் கையைக் கழுவுகிறாள். மேடையேறி, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முடிச்சு. வேலைக்காரக் கை. ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கட்டைவிரலால் ஓர் அழுத்து. அந்தம்மா கயிற்றைச் சுண்டிப் பார்க்கிறார். “அப்படியே உங்கம்மா” என்கிறார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாமன் தோளில் முகத்தை வைத்துக்கொள்கிறாள். பெரியவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே போட்டோக்காரப் பையனை முறைக்கிறார், இதை எடுக்காதே என்று. பையன் எடுத்துவிட்டான்.

ஐம்பது வருஷம் சேர்ந்திருப்பது பெரிய காரியம் என்று இதற்கு மேல் மேடையில் ஐந்தாறு பேர் பேசுகிறார்கள். விட்டுக்கொடுத்தல், பொறுமை, அன்பு. எல்லாம் சரிதான். ஆனால் தூணோரத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கல்யாணத்தின் பலம் வேறு இடத்தில் இருப்பதாகப் படுகிறது. புதுக் குடித்தனம் வந்தவுடன் நாத்தனாரை வாசலுக்கு வெளியே வைக்கும் வீடுகள் எத்தனையோ. அதிலும் வேறு வயிற்று நாத்தனார், விதவை, பிள்ளைக்காரி. இந்த இருவரும் அவளைத் தங்களுக்கு நடுவிலேயே உட்காரவைத்துக்கொண்டார்கள். ஒருவர் மண்ணைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். அவளிடம் செய்யக் கற்றுக்கொண்டதைத்தான் அவர்கள் ஒருவருக்கொருவரும் செய்திருக்க வேண்டும்.

பந்திக்குப் போகும் வழியில் மொய் மேஜை. ‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்று மகன்கள் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பெரியவர் கேட்கவில்லையாம், ஊரில் செய்ததெல்லாம் திரும்ப வரவேண்டாமா, வாங்கினதைத் திருப்பிச் செய்ய நான் இருக்க வேண்டாமா என்று மேஜை போட்டுவிட்டார். புது நோட்டுக்குப் பக்கத்தில் பாலிதீன் கவரில் 1975இன் மொய் நோட்டு, பார்வைக்கு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். தடித்த கை உள்ளவர்கள் ஐந்து. அக்காவின் பெயர் அதிலும் இல்லை. அவள் விசேஷ வீட்டுக்காரி. எழுத வைத்தவள், எழுதினவள் இல்லை.

வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் அக்கா மகள் நிற்கிறாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து ஐந்நூற்றொரு ரூபாயை மேஜையில் வைத்து, ஒரு பெயரைச் சொல்கிறாள். எழுதுகிற பையன் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டு நிமிர்கிறான்.

“இது உங்க பேரு இல்லீங்களே?”

“எங்கம்மா பேரு.”

“அவங்கதான்…” பையன் வாசல் பக்கம், ஃபிளெக்ஸ் இருக்கும் திசையைப் பார்க்கிறான். “இறந்தவங்க பேர்ல மொய் எழுதறதில்லீங்க ஆயா. அப்பறம் யாருக்குத் திருப்பிச் செய்வாங்க?”

“நான் இல்ல? எனக்கப்பறம் எம் பேத்தி இருக்கா, வர்ற வைகாசிக்குக் கல்யாணம். இவங்க வந்து எங்கம்மா பேரச் சொல்லித் திருப்பட்டும். அப்பத்தான் போக்குவரத்து நிக்காம இருக்கும். எழுது.”

பையன் எழுதிய பெயரை அடிக்காமல் விடுகிறான். தொகையையும் எழுதுகிறான். “படிச்சுக் காட்டு,” என்கிறாள். படிக்கிறான். ஒரு எழுத்தைத் திருத்தச் சொல்கிறாள். பின்னாலிருந்து ஒருவர், களி ஆறிப்போகுது, நகருங்கம்மா என்கிறார். “ஆறாது. சட்டிய மூடி வச்சுட்டுத்தான் வந்தேன்,” என்று சொல்லிவிட்டு, தலைப்பை மறுபடி முடிந்துகொண்டு பந்திக்கு நடக்கிறாள்.